மாமாவை யாரும் கேட்கலை

வேடந்தாங்கல் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன். நவம்பர்ல பறவைங்க வந்து இறங்கறப்போ ஞாபகம் வரும். பொங்கல் கழிச்சு எழுதலாம்னு தள்ளிப் போடுவேன். அப்புறம் வெயில் ஏறி பறவைங்களே கிளம்பிடும், நானும் மறந்துடுவேன். போன வாரம் மாமா ஊருக்குப் போய்ட்டு வந்ததுல எல்லாம் மறுபடி கிளறிவிட்ட மாதிரி ஆயிடுச்சு. சூட்டோட சூடா எழுதிடறேன். பறவைங்களைப் பத்தி ஆசையா படிக்க வர்றவங்க மன்னிக்கணும். இதுல பறவை கம்மி, மனுஷங்க ஜாஸ்தி.

கதை ஆரம்பிக்கறது 2020 ஜூன்ல. ஊரடங்கு நேரம். காஞ்சிபுரத்துல பல தெருவுல தறிச் சத்தமே நின்னு போயிருந்தது. பொறந்ததுலேர்ந்து அந்தச் சத்தத்துலயே தூங்கி எழுந்தவனுக்கு அந்த அமைதி ஒரு மாதிரி பயமா இருந்தது. வீட்டுக்குள்ள உட்கார்ந்து செல்போனை நோண்டறதைத் தவிர வேற வேலை இல்லை. அப்போதான் நண்பர் ஒருத்தர் ஒரு மனுவை அனுப்பினார். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தோட எல்லையைச் சுருக்கப் போறாங்க, தடுக்கணும், கையெழுத்து போடுங்கன்னு.

போட்டேன். யோசிக்கவே இல்லை. வேடந்தாங்கல்னா எனக்கு அம்மா பிறந்த ஊர்ப் பக்கம். காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் வழியா போனா ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சின்ன வயசுல அரைப் பரீட்சை லீவு முழுக்க அங்கேதான். கையெழுத்து போட்ட கையோட அதை மாமா வீட்டுக்கும் அனுப்பி வெச்சேன். அவரும் போடுவார், அத்தையும் போடுவாங்க, ரெண்டு கையெழுத்து கூடும்னு கணக்கு.

ராத்திரி மாமாகிட்டேர்ந்து போன்.

"மாப்ள, இன்னாமோ அனுப்பிச்சிருக்கியாமே. பேத்தி படிச்சுக் காட்னா."

"ஆமா மாமா. நம்ம வேடந்தாங்கல்தான். அஞ்சு கிலோமீட்டரை மூணா ஆக்கப் போறாங்களாம். நீங்களும் போடுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன்.

"அப்போ என் மேட்டு நெலம் வெளிய வந்துடும், இல்ல?"

எனக்கு சுருக்குன்னு ஆச்சு. இதை நான் யோசிக்கவே இல்லை.

மாமாவுக்கு ரெண்டு இடத்துல நிலம். ஏரிப் பாசனத்துல ஒரு ஏக்கர் நஞ்சை. ஏரியிலேர்ந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். முதல் நிலம் பறவைங்களால வாழறது. ரெண்டாவது நிலத்தை விக்கணும்னு அவர் ரெண்டு வருஷமா முயற்சி பண்ணிக்கிட்டிருந்தார், சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கு. வாங்க வர்றவங்க எல்லாம் "சரணாலய எல்லைக்குள்ள இருக்கே"ன்னு உதட்டைப் பிதுக்கிட்டுப் போயிடுவாங்க. இல்லைன்னா அதைச் சொல்லியே அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. எல்லை மூணு கிலோமீட்டரா ஆனா அந்த நிலம் வெளிய. விலை எகிறும். தரகர் ஒருத்தர் ஏற்கெனவே ரெண்டு தடவை வந்துட்டுப் போயிருந்தார்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

"சரி மாமா... அப்போ நீங்க போட வேணாம்"னு இழுத்தேன்.

"போடறதும் போடாததும் இருக்கட்டும்டா. அஞ்சுன்னு கோடு போட்டப்பவும் யாரும் என்னை வந்து கேக்கல. மூணு ஆக்கறேன்னு சொல்றப்பவும் கேக்கல. அவங்கள விடு. நீ கையெழுத்து போட்டியே, நீயாவது ஒரு வார்த்தை கேட்டியா?"

பதில் சொல்ல முடியலை. "அத்தை எப்படி இருக்காங்க"ன்னு பேச்சை மாத்தினேன். (நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தைதான்.)

வேடந்தாங்கல் போகாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். அது மலைக்காடு மாதிரி பெரிய காடு எல்லாம் இல்லை. ஒரு ஊர் ஏரி. மொத்தமே முப்பது ஹெக்டேர் அளவுதான். ஏரிக்குள்ள தண்ணியில நிக்கற கடம்பு மரங்களும் கருவேல மரங்களும்தான் காடு. மழை வந்து ஏரி நிரம்பினா அந்த மரம் ஒவ்வொண்ணும் ஒரு தெரு மாதிரி ஆயிடும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கான்னு வந்து குடியேறும். எந்த மரத்துல யார் வீடுன்னு சண்டை வேற. சாயங்காலம் கரை மேல நின்னா வர்ற சத்தம் நம்ம பஸ் ஸ்டாண்டை ஞாபகப்படுத்தும்.

ஊர்க்காரங்க ஏன் இதைக் காப்பாத்தினாங்கன்றதுக்கு மாமா சொல்ற காரணம் ரொம்ப சிம்பிள். பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் போனா அதுவே உரம். தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் அதுலயே இருக்கு. "யூரியா மூட்டை பறந்து வருதுடா"ன்னு சிரிப்பார். அதுக்காக ஊர்ல தீபாவளிக்கு வெடி கிடையாது. சின்ன வயசுல ஒரு தீபாவளிக்கு அங்க மாட்டிக்கிட்டு, காஞ்சிபுரத்துல பசங்க எல்லாம் வெடிப்பாங்களேன்னு ஏங்கி அழுதேன். தாத்தா ஒரே ஒரு மத்தாப்பு கொளுத்திக் கொடுத்து, "பறவைக்குக் கண்ணு தெரியும், பரவால்ல. காது கேட்டாதான் பயப்படும்"னார். அது சரியா தப்பான்னு எந்த விஞ்ஞானியும் சொல்ல வேண்டாம், எனக்கு அது தாத்தா சொன்னது.

இந்தக் காவல் நேத்து ஆரம்பிச்சது இல்லை. 1798ல கம்பெனி ஆட்சிக் காலத்துல சிப்பாய்ங்க வந்து பறவைங்களைச் சுட்டிருக்காங்க. ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட போய் நின்னாங்களாம், சுடக் கூடாதுன்னு உத்தரவு கொடுன்னு. அப்போ செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயனல் ப்ளேஸ், பறவைங்களைக் காப்பாத்தற உரிமை ஊருக்கு உண்டுன்னு கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல்னா அந்தக் காலத்து உறுதிப் பத்திரம்.

இந்த ப்ளேஸ் துரை நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசு இல்லை. மதுராந்தகம் ஏரிக்கரை உடையற நிலைமையில, மழை ராத்திரி கரை மேல வில்லோட ரெண்டு பேர் காவல் நிக்கறதைப் பார்த்ததா ஏரி காத்த ராமர் கதை இருக்கே, அதுல வர்ற கலெக்டர் இவர்தான். அங்க தாயார் சன்னதியில இவர் பேர் கல்வெட்டுல இருக்கு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நகை கொடுத்தவர்னும் நம்ம பக்கம் சொல்வாங்க. ராமரைப் பார்த்தாரோ இல்லையோ, ஏரியைப் பத்தி ஊர் ஜனம் சொன்னா காது கொடுத்துக் கேட்டிருக்கார். மக்கள் கருத்துக் கேட்புன்னு இன்னைக்குப் பெரிசா பேசறோம். 1798ல அது தலைகீழா நடந்திருக்கு. யாரும் வந்து கேக்கலை. ஊரே கிளம்பிப் போய் சொல்லியிருக்கு. எழுத்துல வாங்கிட்டும் வந்திருக்கு.

அப்புறம் 1936ல அரசாங்கம் இதைச் சரணாலயமா ஏத்துக்கிச்சு. 1998ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ ஏரியும் அதைச் சுத்தி ஐந்து கிலோமீட்டரும் சரணாலயம்னு அறிவிப்பு வந்தது. ஐந்து கிலோமீட்டர் ஆரம்னா சும்மா இல்லை. வட்டத்துக்குள்ள வயல், மேடு, மாட்டுக்கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம், மாமா வீடு எல்லாம் வந்தாச்சு. இந்த மாதிரி அறிவிப்பு வந்தா கலெக்டர் அந்தந்த ஊர்ல அந்த ஊர் மொழியிலயே தெரிவிச்சு, யாருக்கு என்ன உரிமைன்னு விசாரிக்கணும்னு அதே சட்டம் சொல்லுது. கேட்டதா மாமாவுக்கு ஞாபகம் இல்லை. எனக்குக் கோடு தெரிஞ்சது பஸ் போர்டுல. மாமாவுக்குத் தெரிஞ்சது நிலம் விக்கப் போனப்போ.

2020 பரிந்துரை என்னன்னா, இந்த அஞ்சு கிலோமீட்டர்ல வெளி ரெண்டை எடுத்துட்டு மூணை மட்டும் சரணாலயமா வெச்சுக்கறது. இது சுருக்கறது இல்லை, மண்டலம் மண்டலமா பிரிக்கறதுதான்னு அதிகாரிங்க தரப்புல விளக்கம் வந்தது. தேசிய வனவிலங்கு வாரியம் வரைக்கும் கோப்பு போயிருந்தது. அந்த வெளி வட்டத்துக்குள்ள ஏற்கெனவே ஒரு மருந்துத் தொழிற்சாலை இருந்ததும், அது விரிவாக்கம் கேட்டிருந்ததும் செய்தியில வரவே, சந்தேகமும் கோபமும் கிளம்பிச்சு. சென்னையில இருந்தவங்க, பறவை ஆர்வலருங்க, சினிமாக்காரங்கன்னு எல்லாரும் குரல் கொடுத்தாங்க. நானும் அந்தக் கூட்டத்துல ஒரு கையெழுத்து.

ரெண்டு நாள் கழிச்சு மாமாவுக்கு நானே போன் பண்ணேன்.

"மாமா, நான் போட்டது தப்பா?"

"தப்புன்னு எவன் சொன்னான்? பறவை ஏரியில தூங்குது, குஞ்சு பொரிக்குது. சாப்பாட்டுக்கு எங்க போவுது? சுத்தி இருக்கற ஏரிக்கும் எங்க வயலுக்கும்தான் போவுது. வயல்ல நத்தையும் மீனும் செத்தா ஏரியில யாரு வந்து குந்துவான்? அஞ்சு கிலோமீட்டர் வேணும்டா. அதுக்கு மேலயும் வேணும்."

"அப்புறம் ஏன் மாமா அன்னிக்கு..."

"எனக்கு வேணும்ன்றதை நான் சொல்லணும்ல. எனக்குன்னு நீ சொல்லக் கூடாது."

இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன்.

மாமா அன்னிக்கே ஒரு கடுதாசி சொல்லச் சொல்ல நான் எழுதினேன், போன்லயே. நாலு விஷயம். ஒண்ணு, அஞ்சு கிலோமீட்டரைக் குறைக்க வேண்டாம், பறவை இரை எடுக்கற ஏரி, வயல் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. ரெண்டு, புதுசா கம்பெனி, சாயத்தண்ணி, மருந்துத்தண்ணி எதுவும் உள்ள வரக் கூடாது. மூணு, விவசாயம் பண்றவன் கிணறு வெட்டலாமா, கொட்டகை போடலாமா, நிலத்தை இன்னொரு விவசாயிக்கு விக்கலாமா, எது செய்யலாம் எது கூடாதுன்னு தமிழ்ல பெரிய போர்டுல எழுதி ஊர் நடுவுல வைக்கணும். நாலு, கோட்டை எப்போ மாத்தறதா இருந்தாலும் முன்னாடியே ஊரைக் கூட்டிக் கேக்கணும்.

"யாருக்கு மாமா அனுப்பறது?"

"கலெக்டருக்குத்தான். அப்பவும் கலெக்டர்கிட்டதான போனாங்க." கொஞ்சம் யோசிச்சிட்டு, "இரு இரு. இப்ப அனுப்பாத. நான் மட்டும் போட்டா அது என் கடுதாசி. ஊர்ல பேசிட்டு அனுப்பணும். அடுத்த கிராம சபை எப்போன்னு பாரு"ன்னார்.

அங்கதான் மாட்டிக்கிட்டோம்.

2020ல அந்த ஊருக்குத் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துத் தலைவரே கிடையாது. 2016ல பழைய உறுப்பினர்களோட காலம் முடிஞ்சதுலேர்ந்து தனி அலுவலர்தான். 2019 டிசம்பர்ல மத்த மாவட்டங்கள்ல ஊராட்சித் தேர்தல் நடந்தப்போ, புதுசா பிரிச்ச ஒன்பது மாவட்டங்களுக்கு மட்டும் நடக்கலை. காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் அந்த ஒன்பதுல. வேடந்தாங்கல் 2019 நவம்பர்ல தான் காஞ்சிபுரத்துலேர்ந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போயிருந்தது. கிராம சபையாவது நடந்ததான்னா, கொரோனான்னு மே 1 இல்லை, ஆகஸ்ட் 15 இல்லை, அக்டோபர் 2 கடைசி நேரத்துல ரத்து. ஊரைக் கேக்கணும்னு யாராவது நெஜமாவே ஆசைப்பட்டிருந்தாலும், கேக்கறதுக்கு ஊர்னு ஒரு அமைப்பு அந்த வருஷம் இல்லவே இல்லை.

அதே நேரத்துலதான் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் புது வரைவு ஒண்ணை வெளியிட்டிருந்தது. ஆலை, சுரங்கம் வர்றதுக்கு முன்னாடி மக்கள்கிட்ட கருத்துக் கேக்கற முறையைப் பத்தினதும் அதுல உண்டு. கூட்டத்துக்கு முன்னறிவிப்பு 30 நாளா இருந்ததை 20 ஆக்கலாம்னு போட்டிருந்தாங்க. வரைவு வந்தது இங்கிலீஷ்லயும் இந்தியிலயும். மக்கள் கருத்தைப் பத்தின சட்டத்துக்கே மக்கள் மொழியில கருத்துக் கேக்கலை! 2020 ஜூன் 30ல டெல்லி ஹைகோர்ட்தான் எட்டாவது அட்டவணையில இருக்கற 22 மொழியிலயும் மொழிபெயர்க்கணும்னும், ஆகஸ்ட் 11 வரைக்கும் கருத்து சொல்லலாம்னும் உத்தரவு போட்டது. லட்சக்கணக்குல கருத்து போய்க் குவிஞ்சது. அந்த வரைவு இன்னி வரைக்கும் சட்டமாகலை.

போன வாரம் மாமா ஊருக்குப் போறப்போ உத்திரமேரூர்ல இறங்கி, வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை மறுபடி பார்த்தேன். குடவோலை எல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான். பரிட்சைக்குப் படிச்சதை இந்தக் கடுதாசி ஞாபகத்தோட பார்த்தா வேற மாதிரி தெரியுது. முதலாம் பராந்தகச் சோழன் காலம், 919, 921. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, ஓலையில பேர் எழுதி குடத்துல போட்டு, சின்னப் பையன் ஒருத்தனை விட்டு எடுக்கச் சொல்லி ஆளைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. ஆட்டை வாரியத்துக்கு 12 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரியைப் பார்க்கறதுக்குத் தனிக் கமிட்டி, தோட்டம் தோப்பைப் பார்க்கறதுக்குத் தனிக் கமிட்டி! முன்னாடி பொறுப்புல இருந்து கணக்கு காட்டாதவன் மட்டும் இல்லை, அவனோட சொந்தக்காரனும் நிக்க முடியாது. (இதை இன்னிக்குக் கொண்டு வந்தா யார் மிஞ்சுவாங்கன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.)

ரொம்ப புல்லரிச்சுக்க வேண்டாம். அது பிராமணர்களோட சபை. நிலமும் வீடும் இருக்கற, 35லேர்ந்து 70 வயசுக்குள்ள இருக்கற ஆம்பளைங்களுக்குத்தான் இடம். ஏரியில தூர் வாரினவனோ நாத்து நட்ட பொம்பளையோ அந்தக் குடத்துக்குள்ள கிடையாது. யாரைக் கேட்டோம்ன்றதுல அன்னிக்கும் ஓட்டைதான். ஆனா ஏரியைப் பத்தி முடிவு பண்ண ஏரிக்கரைக்காரன் வேணும்ன்ற புத்தி ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. அதே பூமியில 2020ல ஓலையும் இல்லை, குடமும் இல்லை.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, எதிர்ப்பு பலமா இருந்ததால வேடந்தாங்கல் பரிந்துரையை மாநில அரசே திரும்ப வாங்கிக்கிச்சு. அஞ்சு கிலோமீட்டர் அப்படியே இருக்கு. 2022ல வேடந்தாங்கலும் பக்கத்துல இருக்கற கரிக்கிலியும் ராம்சர் பட்டியல்ல வேற சேர்ந்தது, உலக அளவுல முக்கியமான நீர்நிலைன்னு.

மாமாவோட தரகர் அதுக்கப்புறம் வரவே இல்லை. சின்னப் பொண்ணு கல்யாணம் 2021 ஆவணியில நடந்தது. அத்தையோட நகை பேங்க்குக்குப் போச்சு, மீதிக்கு வட்டிக்கு வாங்கினார். மொய் எழுதற இடத்துல நான்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல வந்து உட்கார்ந்து வேர்வையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார், "அந்த ஒன்றரை ஏக்கர் நான் பறவைங்களுக்கு வெச்ச மொய்டா. திருப்பிச் செய்யும், பார்த்துக்கலாம்." சிரிச்சுட்டேதான் சொன்னார். எனக்குத்தான் நோட்டுல அடுத்த பேர் எழுத வரலை.

நம்ம ஒரு கையெழுத்தோட காட்டைக் காப்பாத்திட்டோம்னு படுத்துத் தூங்கிடறோம். அதுக்கான பில்லு வேற ஒருத்தர் வீட்டுக்குப் போகுது. அதனால காட்டைக் காப்பாத்த வேணாம்னு நான் சொல்லலை, மாமாவே சொல்லலை. பில்லு யாருக்குப் போகுதோ அவங்க பேச ஒரு நாற்காலி போடணும்னுதான் சொல்றேன்.

இப்படி நாற்காலி போட்ட இடங்களும் இருக்கு. ஒடிசாவுல நியமகிரி மலையில பாக்சைட் தோண்டலாமான்னு கேள்வி வந்தப்போ, 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட், அங்க இருக்கற கிராம சபைங்க சொல்லட்டும்னு விட்டுடுச்சு. 2006 வன உரிமைச் சட்டம் கொடுத்த பலம் அது. 12 ஊர் கூடிச்சு. 12 ஊரும் வேண்டாம்னு சொல்லிச்சு. சுரங்கம் வரலை. நம்ம பக்கம் மதுரை அரிட்டாபட்டி. 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச இடம். அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது 2024 நவம்பர்ல தெரிஞ்சது. அந்த மாசமே சுத்துப்பட்டு கிராம சபைங்கள்ல தீர்மானம் போட்டாங்க. டிசம்பர்ல சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ல ஊர் ஊரா ஜனம் மதுரையைப் பார்த்து நடந்தது. ஜனவரி 23ல மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணிடுச்சு. முன்னாடியே கேட்டிருந்தா அத்தனை பேர் வேலையை விட்டுட்டு நடந்திருக்க வேணாம்.

எல்லா இடத்துலயும் இப்படி முடியறது இல்லைன்றதும் காஞ்சிபுரத்துக்காரனுக்குத் தெரியும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிரா ஏகனாபுரம் கிராம சபை 2022லேர்ந்து தீர்மானத்துக்கு மேல தீர்மானமா போட்டுச்சு. அது காடு இல்லை, ஏரியும் வயலும். கேள்வி அதேதான். தீர்மானம் போட்டா கேட்டே ஆகணும்னு இல்லைன்றப்போ, கேட்பு எதுக்குன்ற கேள்வியும் வரத்தான் செய்யும்.

மாமா அந்தக் கேள்விக்கெல்லாம் போறதே இல்லை. அவர் பொறுமை வேற ரகம். 2021 அக்டோபர்ல தான் ஒன்பது மாவட்டத்துக்கும் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த வருஷம் மே 1 கிராம சபைக்கு, ரெண்டு வருஷமா டிரங்குப் பெட்டியில வெச்சிருந்த அந்தக் கடுதாசியை எடுத்துக்கிட்டுப் போனார். என்னையும் கூப்பிட்டார். கோயில் வாசல்ல ஜமுக்காளம், ஒரு மைக் செட். நூறு நாள் வேலைச் சம்பளம், தெரு விளக்கு, குடிதண்ணி மோட்டார்னு பேச்சு போய்க்கிட்டே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல மாமாவுக்கு மைக் கிடைச்சது. படிச்சார். முதல் விஷயம் முடியறதுக்குள்ள ஒருத்தர் எழுந்து, "உனக்கு ஏரிப் பாசனத்துல நெலம் இருக்கு, நீ பேசுவ. எனக்கு மேடு மட்டும்தான். எனக்குப் பறவையால இன்னா லாபம்?"னு கேட்டார். சத்தம் கூடிச்சு.

பின்னாடி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து நின்னாங்க. நிலமே இல்லாதவங்க, நடவு வேலைக்குப் போறவங்க. "ஏரி செத்தா எனக்கு வேலை செத்துச்சு. கோடு எங்க வேணா போடுங்க, தண்ணி மட்டும் கெடக் கூடாதுன்னு எழுதுங்க"ன்னாங்க. அதை யாரும் மறுத்துப் பேசலை. மேட்டுக்காரர் சொன்னதும் நியாயம்னு அவருக்காக ஒண்ணு சேர்த்தாங்க, எல்லைக்குள்ள நிலம் இருக்கறதால நஷ்டப்படறவங்களுக்கு அரசாங்கம் ஏதாவது வழி பண்ணணும்னு. மாமாவோட நாலு அஞ்சாச்சு. தண்ணியோட ஆறு. தீர்மான நோட்டுல ஏறிச்சு. மாமா கையெழுத்து போட்டார், அந்த அம்மா கைநாட்டு வெச்சாங்க, மேட்டுக்காரரும் போட்டார். நான் போடலை. நான் அந்த ஊர் வாக்காளர் இல்லையே. ஓரமா நின்னு வேடிக்கை பார்த்தேன், அதுதான் சரியாவும் இருந்தது.

அந்தத் தீர்மானத்தால எல்லாம் மாறிடுச்சான்னு கேக்காதீங்க. மாமாவோட மேட்டு நிலம் இன்னும் விக்கலை. வேர்க்கடலை போட்டிருக்கார். போர்டு இன்னும் வைக்கலை, ஒவ்வொரு கிராம சபையிலயும் எழுந்து அதையே கேக்கறார். இப்போ வருஷத்துக்கு ஆறு கிராம சபையாம். "ஆறு தடவை கேப்பேன்"றார். அவரைப் பார்த்தாலே மைக்காரர் சிரிக்கறார்.

போன வாரம் சாயங்காலம் ரெண்டு பேரும் கரை மேல நடந்தோம். ஏரி நிரம்பி இருந்தது. கடம்பு மரம் முழுக்க வெள்ளை வெள்ளையா நாரை. வெளியூர்லேர்ந்து வந்த ஒரு குடும்பம் செல்போன்ல படம் எடுத்துக்கிட்டிருந்தது. அதுல ஒருத்தர் மாமாவைப் பார்த்து, "பெரியவரே, இது மொத்தம் எத்தனை ஏக்கர் இருக்கும்?"னு கேட்டார்.

மாமா ஏரியைக் காட்டலை. கையை நீட்டி ஏரிக்கு அந்தப் பக்கம், வயல், ரோடு, பனைமரம் எல்லாம் தாண்டி ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினார்.

"அதோ, அது வரைக்கும். என் கடலைக் கொல்லையும் சேத்து."